இருவர் திறக்கும் கதவு

12 ஜனவரி

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

உன் லிஃப்ட்காரன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், லிஃப்டுகளுக்குத்தான் உடம்பு சரியில்லை. பி பிளாக்கில் ஒன்று, பதினாலாம் மாடிக்குப் போகச் சொன்னால் பன்னிரண்டில் நின்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஏதோ மறந்துபோனதுபோல் யோசிக்கிறது. இரண்டு மூன்று நாளாக அதற்கு அடியில் இருக்கும் குழிக்குள்தான் என் குடித்தனம். அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. நீ கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் அதுதான் காரணம், கோபித்துக்கொள்ளாதே.

நாம் போனில் பேசுவதைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். நேற்று என்ன பேசினோம்? தண்ணீர்த் தொட்டி வால்வு, அப்பாவின் பிரஷர் மாத்திரை, மறுபடியும் வால்வு. பிறகு நீ ‘ம்’ என்றாய், நானும் ‘ம்’ என்றேன். நான் வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்ததால் இப்படி ஆகவில்லை. அந்த ஆஸ்பத்திரி நாட்களிலிருந்தே நம் பேச்சு இப்படித்தான் இருக்கிறது. அதனால் ஒரு ஏற்பாடு. வீட்டு விஷயம் போனில். மற்றதெல்லாம் இப்படிக் கடிதத்தில். ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்கு மதியம் எங்களுக்குக் காலை, கம்ப்யூட்டரில் நாம் இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு.

சுடுகிற விளையாட்டுதான். கண்ணுக்கு நேரே துப்பாக்கி மட்டும் தெரியும், அதைப் பிடித்திருக்கும் நாம் தெரியமாட்டோம், அந்த ரகம். முகத்தைச் சுளிக்காதே. இதில் குப்பையும் உண்டு, ஆடத் தகுந்ததும் உண்டு. தகுந்ததாகச் சிலவற்றைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட நான் இன்னும் ஆடவில்லை. எல்லாவற்றையும் உன்னோடு சேர்ந்துதான் முதல்முறை ஆடப்போகிறேன்.

முதலில் ‘பனி நிலையம்’ என்று ஒன்று. ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாது, நாமே இப்படி வைத்துக்கொள்வோம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதில் எதிரிகள் குறைவு, அமைதி அதிகம். அவசரப்படுகிறவர்கள் இதில் தோற்றுப்போவார்கள். ஒரு அறைக்குள் போனால் முதலில் விளக்கு எங்கிருந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். யாராவது நின்றால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். உன்னை யாரும் விரட்டாத ஒரு இடம் உனக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பாவிடம் சொல், வால்வை அவர் தொட வேண்டாம்.

உன்,
லிஃப்ட்காரன்


21 ஜனவரி

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் பல்லுக்காரியும் உங்கள் அப்பாவும் சுகம். வால்வைத் தொட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்வதற்குள் அவர் தொட்டுவிட்டார். குளியலறை இப்போது உங்கள் பனி நிலையம் மாதிரி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மவுஸை அசைத்தால் தலை சுற்றுகிறது, கால் ஒரு பக்கம் போகிறது, கண் ஒரு பக்கம் போகிறது. முதல் அரை மணி நேரம் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு ஆளைச் சரியாகக் குறிபார்த்துச் சுட்டேன். அது நீங்கள். “ஏன்டி, நான்தான்டி” என்று நீங்கள் கத்தியதில் இங்கே மாமா அடுத்த அறையிலிருந்து ஓடிவந்துவிட்டார். “யாரைச் சுட்ட?” என்றார். “உங்க பையனை மாமா” என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “எழுந்துக்குவானா?” என்று கேட்டார். எழுந்துகொள்வார் என்றதும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து “ரைட்ல பாரும்மா, ரைட்ல பாரு” என்று சொல்வதுதான் அவருக்கு உத்தியோகம்.

பல் கட்டும் லேபில் வேலை குவிந்து கிடக்கிறது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்துக்குள் முன்பல் மூன்று வேண்டுமாம். அவசரமாகக் கேட்கிறவர்கள்தான் நிறம் ஒத்துப்போகவில்லை என்று திருப்பியும் அனுப்புகிறவர்கள். பீங்கான் தூளைத் தண்ணீரில் குழைத்து, தூரிகையால் அடுக்கி, ஃபர்னஸில் வைத்து எடுத்தால் சுட்டபிறகுதான் உண்மையான நிறம் தெரியும். இதை எத்தனை முறை சொன்னாலும் டாக்டர்களுக்குப் புரிவதில்லை.

உன்னை யாரும் விரட்டாத இடம் என்று எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவுதான் சொல்ல வருகிறது.

குடும்பக் குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பம் கொடுத்தீர்களா? மாமாவையும் கூட்டிவரலாம் என்று சொன்னீர்களே, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள்,
பல்லுக்காரி


16 பிப்ரவரி

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

போன ஞாயிறு நீ என்னைச் சுடவில்லை. முன்னேற்றம்.

உன் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதென்று கன்ட்ரோல் ரூம்காரரிடம் சொன்னேன். அது உன் குரலின் தப்பில்லை, என் ஹெட்செட்டின் தப்பு என்று சொல்லி, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளேயிருக்கும் போனை எடுப்பார்களே, அந்தப் பக்கம் பேசுகிறவர் அவர்தான். நல்ல மனிதர். இந்த விளையாட்டுகளிலும் விவரம் தெரிந்தவர்.

குவார்ட்டர்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். மெதுவாகத்தான் நகரும் என்கிறார்கள்.

அடுத்தது ‘புல்வெளி’. இது தூரத்திலிருந்து சுடுவது. இடுப்பளவு புல், நடுவில் நாம் படுத்திருப்போம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புல்தான் சொல்லும். அதைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். சுடுவதற்கு முன் மூச்சை நிறுத்தவேண்டும், அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. நாளெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பல்லின் ஓரத்துக்கு நிறம் வைக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுடாமலே இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் புல் அசையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பதற்காகவே இதை ஆடலாம்.

அப்பாவுக்கு இடது பக்கமும் இருக்கிறது என்று சொல்.

உன்,
லிஃப்ட்காரன்


2 மார்ச்

என் அன்புக்கு,

இப்படி ஆரம்பிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் அழிக்காமல் விட்டுவிடுகிறேன்.

புல்வெளியில் நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். எனக்கு ஆச்சரியம் வேறு. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் லேபுக்கு எத்தனை முறை வந்திருப்பீர்கள்? வந்தாலும் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பீர்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன் என்பதை எப்போது பார்த்தீர்கள்? எனக்கே அது தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் தூரிகையோடு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், ஆமாம், பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் மாதத்தில் நம் குழந்தை போனபோது நீங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மனுஷனுக்கு உள்ளே ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். இத்தனை நாள் அப்படியே நினைத்துக்கொண்டும் இருந்தேன். இப்போது எழுதிவிட்டேன், அதனால் அது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசத் தெரியாதவர்கள் எழுதுவார்கள் போலிருக்கிறது.

லேபில் என் பக்கத்து மேஜைக்காரி, “என்ன, புதுசாக் கல்யாணம் ஆனவ மாதிரி சிரிச்சுக்கிட்டிருக்க?” என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தந்திருக்கிறார் என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

மாமா ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியோடு தயாராகிவிடுகிறார். குவார்ட்டர்ஸ் என்ன ஆயிற்று என்று அவரும் கேட்டார்.

உங்கள்,
பல்லுக்காரி


29 மார்ச்

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை. நல்லபடியாக இரு. இங்கே ஏ பிளாக்கில் எல்லா லிஃப்டுக்கும் ரோப் மாற்றுகிறோம், தோள் இரண்டும் கழன்றுவிட்டது. குவார்ட்டர்ஸ் பற்றி மேலே கேட்டேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள்.

அடுத்த விளையாட்டு இது. வெள்ளம் வடிந்த ஒரு பெரிய ஹோட்டல். ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள், ஒவ்வொரு அறையிலும் அவரவர் விட்டுப்போனது இருக்கிறது. இதை ஒருவர் தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். முக்கியமான கதவுகளுக்கெல்லாம் இரண்டு கைப்பிடி, தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் திறக்கும். ஒருவர் சுடும்போது மற்றவர் விளக்கைப் பிடிக்க வேண்டும். விளக்குப் பிடிக்கிறவர் பாவம், அவரிடம் துப்பாக்கி இருக்காது. நம்பி நிற்க வேண்டியதுதான். சேர்ந்து ஒரு காரியம் செய்தே நாளாகிவிட்ட இரண்டு பேருக்கு இதைவிட நல்ல விளையாட்டு இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்கும் இது முதல்முறைதான். ஞாயிறு பார்ப்போம்.

உன்,
லிஃப்ட்காரன்


20 ஏப்ரல்

அன்புள்ளவருக்கு,

ஒரு விஷயம். முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு ஹோட்டலின் மூன்றாவது மாடியில் ஒரு அறைக்கு முன்னால் என்னை நிறுத்தினீர்கள். “நீ இங்கயே நில்லு. படிக்கட்டுப் பக்கம் யாராவது வர்றாங்களான்னு பாரு. இந்த ரூமை நான் மட்டும் பாத்துட்டு வர்றேன்.” நின்றேன். படிக்கட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. நீங்கள் வெளியே வந்து, “காலி ரூம்தான், ஒண்ணுமில்ல, வா” என்றீர்கள்.

செவ்வாய்க்கிழமை லேபில் ஃபர்னஸ் பழுது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழகிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பேர் வேண்டுமே, மாமா கையில் விளையாட்டுக் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். திரை இரண்டாகப் பிரிந்து அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. அவர் முதலில் சுவரில் முட்டினார், பிறகு தூணில் முட்டினார், அப்படியே முட்டிக்கொண்டே போய் அந்த அறைக்குள் நுழைந்துவிட்டார்.

உள்ளே ஒரு தொட்டில் இருந்தது. மேலே கட்டியிருந்த சின்னச் சின்ன பொம்மைகள் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சுவரில் மேகம் வரைந்திருந்தார்கள். அவ்வளவுதான். மாமா அசையவில்லை. அந்த பொம்மைகள் இரண்டு சுற்றுச் சுற்றின. அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, “டீ போடட்டுமா” என்று கேட்டார்.

அன்று நீங்கள் என்னை ஏன் வாசலில் நிறுத்தினீர்கள் என்று எனக்குப் புரிந்தது. சமையலறையில் மாமா டம்ளரைத் தேடிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. என்னை இப்படிக் காப்பாற்றி நிறுத்த ஒருவர் இருக்கிறார் என்று.

ஆனால் அழுது முடித்தபிறகு ஒன்று தோன்றியது. கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கதவு திறப்பதற்கு முன்பே நில் என்று சொன்னீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? முதல்முறை என்று எழுதியிருந்தீர்கள். தனியாக ஆடவே முடியாது என்றும் நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

தப்பாக நினைக்கவில்லை. சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள்,
பல்லுக்காரி


22 ஏப்ரல்

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

இதைப் போய்ப் பெரிதாக எழுதியிருக்கிறாயே. கன்ட்ரோல் ரூம்காரர் ஒரு வீடியோ அனுப்பினார், யாரோ ஆடியதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதில் அந்த அறை வந்தது. உன்னிடம் சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த வாரம் வேலை அதிகம். குவார்ட்டர்ஸ் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்லமாட்டேனா?

மாமா மருமகள் இரண்டு பேரும் சேர்ந்து நான் இல்லாமல் ஆட ஆரம்பித்துவிட்டீர்கள். நடக்கட்டும்.

உன்,
லிஃப்ட்காரன்


11 மே

லிஃப்ட்காரருக்கு,

மாமா நன்றாக இருக்கிறார். நேற்று போனில் சொன்னதுதான். குளியலறையில் பிரஷர் ஏறி மயங்கி விழுந்தார், நெற்றியில் தையல், வேறு அடி இல்லை. இன்று காலை எழுந்து உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஏன் ஆடவில்லை என்று கேட்டார். உங்களுக்கு எழுதிவிட்டுப் பதில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அவர் விழுந்தபோது உங்களை விடாமல் கூப்பிட்டேன். குழிக்குள் இருப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கை நிற்கவில்லை. கடைசியில் உங்கள் அலுவலக எண்ணுக்குப் போட்டேன். அங்கிருந்து யாரோ கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள்.

“லிஃப்ட் கன்ட்ரோல் ரூம். பயப்படாதீங்க, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?” என்று ஒரு பெண்குரல்.

“நான் லிஃப்டுக்குள்ள இல்லைங்க” என்று சொல்லி, யார் பேசுகிறேன், என்ன விஷயம் என்று சொன்னேன்.

“அக்கா, நீங்களா? சரி, முதல்ல அப்பாவை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மூச்சு சீரா வருதா பாருங்க. போனை வைக்காதீங்க, நான் இருக்கேன். ஆளை அனுப்பி அவரை மேல வரச்சொல்றேன்.” பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு வரும்வரை அவள்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். என் பதற்றம் அடங்கியது அந்தக் குரலைக் கேட்டுத்தான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்க அவளே கூப்பிட்டாள். கன்ட்ரோல் ரூம்காரர் இல்லையா என்று கேட்டேன். சிரித்தாள். “நான்தாங்க்கா கன்ட்ரோல் ரூம். வேற யாரு இருக்கா?”

மூன்று மாதமாக ‘அவர்’ என்று எழுதினீர்கள். கொடுத்தார், சொன்னார், நல்ல மனிதர். தமிழில் அந்த ஒரு மரியாதைக்குள் ஒரு பெண்ணையே ஒளித்து வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மீசை வைத்த ஒரு ஆளை மனசில் வரைந்து வைத்திருந்தேன். அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பலாமா என்றுகூட யோசித்திருந்தேன்.

அவளுக்கு உங்கள் பொய் எதுவும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். “அக்கா, புல்வெளி உங்களுக்குப் பிடிச்சுதா? உங்க வேலையைப் பத்தி அவர் சொன்னப்பவே நினைச்சேன், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு செய்யற வேலையாச்சே, அது உங்களுக்குத்தான்னு. ரெண்டு வரி எழுதியும் குடுத்தேன். அவர் அதை மாத்தித்தானே எழுதினார்?”

மாற்றவில்லை என்றேன்.

“சனிக்கிழமை நாங்க ஒரு தடவை ஆடிப் பாத்துருவோம். எங்க கஷ்டம், எங்க ஈஸின்னு அவருக்குத் தெரிஞ்சாத்தானே ஞாயித்துக்கிழமை உங்களைக் கூட்டிக்கிட்டுப் போக முடியும்?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தத் தொட்டில் ரூமுக்குள்ள நீங்க போகலைல்ல? அவருக்கு அது தோணவே இல்லைக்கா. நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அவங்களை வெளியவே நிறுத்துங்கன்னு.”

நான் பேசாமல் இருந்தேன். அவளாகவே, “நீங்க இங்க வந்துட்டா நல்லாருக்கும். குவார்ட்டர்ஸ்கூட உங்களுக்கு இங்க வர இஷ்டமில்லைன்னு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாராமே” என்றாள்.

கேட்பது இவ்வளவுதான். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று எப்போது எழுதிக்கொடுத்தீர்கள்? என் வயிற்றில் போன குழந்தையைப் பற்றி அவளிடம் எப்போது சொன்னீர்கள்? என்னிடம் நீங்கள் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் உங்களுக்கு யார்?


14 மே

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அது படித்தாலே தெரியும்.

தப்பாக எதுவும் நடக்கவில்லை. முதலில் அதை நம்பு. பொது அறையில் பத்துப் பேர் நடமாடும் இடத்தில்தான் உட்கார்ந்து ஆடினோம்.

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தபோது என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் போனது, அதற்கப்புறம் பேச வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் பேசவே முடியவில்லை. இங்கே வந்தபிறகு ஒருநாள் குழிக்குள் வேலை. அவள் இன்டர்காமில் இருந்தாள், வீட்டில் யார் யார் என்று கேட்டாள். இருட்டில் முகம் தெரியாமல் பேசியதால் எல்லாம் வந்துவிட்டது. உன்னிடம் பேச ஏதாவது வழி சொல் என்று நானேதான் கேட்டேன். ஆண் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சரி, அது சாக்கு. எனக்கே தெரிகிறது.

நீ அந்த மார்ச் கடிதம் எழுதினாயே, அதைப் படித்ததும் பயந்துவிட்டேன். நீ சந்தோஷப்பட்டது என்னைப் பார்த்து இல்லை. நீ இங்கே வந்தால் ஒரு வாரத்தில் உனக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குத்தான் குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் யார் என்று கேட்டிருக்கிறாய். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் நீ நேராகக் கேட்டுவிட்டாய். சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சனிக்கிழமை முடிந்துவிட்டதே என்று இருக்கும். இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

இனிமேல் அங்கே ஆடமாட்டேன். குவார்ட்டர்ஸுக்கு மறுபடி விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். வா. நேரில் பேசிக்கொள்வோம்.

உன்,
லிஃப்ட்காரன்


1 ஜூன்

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. மூன்று ஞாயிறும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹோட்டலுக்குள் என்னைத் தனியாக விடமாட்டேன் என்கிறது, இன்னொருவர் வரும்வரை காத்திருக்கவும் என்றே போட்டுக்கொண்டிருக்கிறது. அப்பா போனில் நன்றாகத்தான் பேசுகிறார், உன்னைக் கேட்டால் மட்டும் சிக்னல் சரியில்லை என்கிறார்.

அவள் வேறு கட்டடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் பேசுவதில்லை. நீ அவளுக்கு ஏதாவது எழுதினாயா?

ஒரு வரியாவது எழுது.

உன்,
லிஃப்ட்காரன்


9 ஜூன்

உங்களுக்கு,

அவளுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அவள்தான் எழுதினாள். நீங்கள் எனக்குச் சொன்னதும் அவளுக்குச் சொன்னதும் வேறு வேறு என்று அன்றைக்கு என் மௌனத்திலேயே புரிந்துவிட்டதாம். மன்னிப்புக் கேட்டிருந்தாள். இன்னும் பதில் போடவில்லை. அவள்மேல் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. என் உடம்பில் நடந்ததை எனக்குத் தெரியாமல் தெரிந்துவைத்திருந்த ஒருத்தி. ஆனால் அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், மாமா தரையில் கிடந்தபோது “போனை வைக்காதீங்க, நான் இருக்கேன்” என்று சொன்ன குரலும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் கோபம் முழுசாகப் பிடிபடமாட்டேன் என்கிறது.

உங்கள்மேல் பிடிபடுகிறது.

சனிக்கிழமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மனசு அங்கே போய்விட்டது என்றால் அது உங்களைக் கேட்டுப் போயிருக்காது, அதைக்கூட நான் ஒருவேளை தாங்கிக்கொண்டிருப்பேன். என்னால் தாங்க முடியாதது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஹோட்டலில் அந்த மீன்தொட்டி உடைந்து தண்ணீர் கொட்டியபோது “ஐயோ” என்று கத்தி, அப்புறம் இருவரும் சிரித்தோமே, அது நீங்கள் முந்தின நாள் ஒருமுறை சிரித்து முடித்த சிரிப்பு. புல்வெளியில் நான் ஒரே குண்டில் வென்றபோது “இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை” என்றீர்கள். நான்தான் புதிதாக நடந்துகொண்டிருந்தேன். நீங்கள் தெரிந்த வழியில் ஒரு ஆளை நடத்திக்கொண்டு போனீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜனவரியிலிருந்து மே மாதம் வரைக்கும் நான் என் புருஷன்மேல் ஆசையாக இருந்தேன். வேலை செய்யும்போது என் மூச்சைக் கவனிக்கிறவர், அவசரம் எனக்கு ஆகாது என்று தெரிந்தவர், தொட்டிலுக்கு முன்னால் என்னை நிறுத்துகிறவர். அப்படி ஒருவர் இல்லை என்று ஒரு சாயங்காலம் போனில் தெரிந்துகொண்டேன். இந்த ஒரு மாதமாக நான் அழுதது அவருக்காகத்தான். உங்களுக்காக இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆள்தான். உங்களை நான் அப்போதே அழுது தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது, திரும்ப வரவில்லை.

விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம்.

லேபுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், அது போதும். மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தொட்டில் அறை உட்பட. ரொம்ப நேரம் நெற்றித் தையலைத் தடவிக்கொண்டே இருந்தார். “நீ எங்க இருக்கியோ அங்க நான் வந்துட்டுப் போறேன், போகாதன்னு சொல்ற தகுதி எனக்கு இல்லம்மா” என்றார். உங்கள் அக்கா அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். இந்த வீட்டைவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். அக்கா வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நானும் வேலை முடிந்து எட்டிப் பார்ப்பேன். அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

கம்ப்யூட்டரை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். ஆடுவதை விடவில்லை. லேபில் பக்கத்து மேஜைக்காரியின் வீட்டில் ஒன்று இருக்கிறது, அவளுக்கு நான் பழக்கிக் கொடுக்கிறேன். இப்போதைக்குக் கூரையைத்தான் பார்க்கிறாள். எதை முதலில் ஆடலாம் என்று கேட்டாள். கடைக்காரன் ஏதோ ஒன்றைச் சொன்னான், எனக்கும் தெரியாத விளையாட்டு. அதையே எடுத்துக்கொண்டோம். அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நிறையச் சாகிறோம். பரவாயில்லை.

மாமாவுக்குப் பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றியிருக்கிறார். பழைய மஞ்சள் மாத்திரை இனி வேண்டாம், வெள்ளை மாத்திரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மற்ற நாட்களில் அக்கா கொடுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவளால் வர முடியாது. அன்றைக்கு மட்டும் நீங்கள் போன் செய்து ஞாபகப்படுத்துங்கள். இனி அந்த நேரத்தில் உங்களுக்கு வேறு வேலை இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்